நஞ்சை அகற்றும் ஒப்பந்தம்: அளவுகோல் எது?

"சார், 337 டன் கழிவை எரித்தால் 800 டன்னுக்கு மேல் சாம்பல் எப்படி வரும்? பேப்பரில் தப்பாகப் போட்டுவிட்டார்களா?"

2025 ஜூலையில் ஒரு மாலை, ஒத்தக்கடைப் பேருந்து நிறுத்தத்தில் என் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. போபால் யூனியன் கார்பைடு தொழிற்சாலையின் நச்சுக் கழிவு முழுவதும் எரித்து முடிக்கப்பட்டது என்ற செய்தியை அவர் படித்திருந்தார். பொருளை எரித்தால் எடை குறையும் என்பதுதான் நம் அன்றாட அனுபவம். ஒரு கட்டு விறகை எரித்தால் ஒரு பிடி சாம்பல்தான் மிஞ்சுகிறது. இங்கே ஒரு மடங்கு போட்டதற்கு இரண்டு மடங்குக்கு மேல் வந்திருக்கிறது.

செய்தியில் தவறில்லை. அந்த மாணவரின் ஐயத்தைத் தீர்க்க முயன்றபோது, அதற்குள் இன்னொரு பெரிய கேள்வி ஒளிந்திருப்பதைக் கண்டேன். சுற்றுச்சூழலைத் தூய்மைப்படுத்தும் பணியை அரசு ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போது, அது எதை அளந்து பணம் தருகிறது? அந்த அளவு சரியில்லை என்றால், அதை எதிர்த்துக் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? இதைப் பற்றி வாசகர்களோடு சேர்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாம்பல் பெருகியது எப்படி?

முதலில் மாணவரின் கேள்விக்கு விடை காண்போம். பொருண்மை அழியா விதியைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். வேதிவினையில் பொருண்மை ஆக்கப்படுவதும் இல்லை, அழிக்கப்படுவதும் இல்லை. விறகிலுள்ள கரி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிக் கரியமில வாயுவாகிப் புகையோடு போய்விடுகிறது. அதையும் பிடித்து நிறுத்தால், விறகின் எடையைவிட அதிகமாகவே இருக்கும்.

போபால் கழிவில் பூச்சிமருந்தின் மிச்சம், பாதி தயாரான மருந்து, உலையின் அடிக்கசடு ஆகியவற்றோடு, தொழிற்சாலை வளாகத்தில் தோண்டிய மண்ணும் கலந்திருந்தது. மண் எரிவதில்லை. எரியும் பகுதியிலிருந்து கந்தக டை ஆக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு போன்ற அமில வாயுக்கள் எழும். அவற்றை அப்படியே புகைபோக்கி வழியாக விட முடியாது. ஆகவே சுண்ணாம்பு சேர்த்து அவற்றைப் பிடிக்கிறார்கள். 32 கிராம் கந்தகம் எரிந்து, சுண்ணாம்போடு கூடி, இறுதியில் ஜிப்சமாக மாறினால் அதன் எடை 172 கிராம். ஏறக்குறைய ஐந்தரை மடங்கு! கூடுதல் எடை காற்றிலிருந்தும், நீரிலிருந்தும், சுண்ணாம்பு மூட்டையிலிருந்தும் வந்தது.

ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களோ தனிமங்கள். எந்த நெருப்பும் ஒரு தனிமத்தை அழிக்காது. அவை சாம்பலில் தங்கும், வடிகட்டியில் சிக்கும், அல்லது ஆவியாகி வெளியேறும். நான்காவது வழி இல்லை.

ஆகவே 'கழிவு அழிக்கப்பட்டது' என்ற சொல்லை நாம் கவனமாகக் கையாள வேண்டும். கரிமச் சேர்மங்களில் பெரும்பகுதி சிதைக்கப்பட்டது என்பது உண்மை. மீதி, உருவமும் இடமும் மாறியிருக்கிறது. போபாலில் இருந்த ஒரு பொருள், 250 கிலோமீட்டர் தள்ளிப் பீதம்பூரில், கூடிய எடையோடு, சற்றே குறைந்த நஞ்சோடு இருக்கிறது. இதற்காகக் கொடுக்கப்பட்ட ஒப்பந்தத்தின் கதையை இனிப் பார்ப்போம்.

நாற்பதாண்டுக் கதை

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வாயு கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த நகரத்தின் மீது பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அது ஓர் இரவின் கொடுமை. ஆனால் அந்த ஆலை அதற்கு முன்பே பல ஆண்டுகளாகத் தன் கழிவை வளாகத்துக்குள் மண்ணில் கொட்டி வந்தது. ஆலைக்கு வெளியே குளங்கள் வெட்டி, வெயிலில் வற்றட்டும் என்று கழிவு நீரை அவற்றில் தேக்கியது. அந்த நஞ்சு மெல்ல மெல்ல நிலத்தடி நீரில் இறங்கியது. வாயுவால் வந்தது முதல் விபத்து என்றால், இது ஓசையில்லாமல் நடந்த இரண்டாம் விபத்து.

2004இல், கழிவை அகற்றக் கோரி மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில்தான் இங்கே ஒத்தக்கடைக்கு அருகில் நம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தை மேலூர் சாலையில் தினமும் கடந்து போகிறவர்கள், அதன் வயதையும் போபால் வழக்கின் வயதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2005இல் வளாகத்தின் மேல்பரப்பில் கிடந்த கழிவில் ஒரு பகுதி திரட்டப்பட்டு, மூட்டைகளிலும் பீப்பாய்களிலும் அடைத்துக் கிடங்கில் வைக்கப்பட்டது. அதை குஜராத்தில் எரிக்கலாம் என்று முயன்றபோது அம்மாநில அரசு மறுத்தது. 2012இல் ஜெர்மனியின் ஜி.ஐ.இசட். நிறுவனம், ஏறத்தாழ 346 டன் கழிவை விமானத்தில் ஏற்றி ஜெர்மனிக்குக் கொண்டு சென்று எரித்துத் தருவதாக முன்வந்தது. பேசப்பட்ட தொகை 25 கோடி ரூபாய். அங்கே மக்களிடையே எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனம் விலகிக்கொண்டது. 2015இல் உச்சநீதிமன்ற ஆணையின்படி பீதம்பூர் எரியுலையில் 10 டன் எரித்துச் சோதிக்கப்பட்டது.

2024இல் மத்திய அரசு இப்பணிக்கு 126 கோடி ரூபாய் ஒதுக்கியது. அம்மாநிலத்தில் இத்தகைய கழிவுகளுக்கான பொது எரியுலை உள்ள பீதம்பூர் நிறுவனத்திடம் பணி ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி, நான்கு வாரத்துக்குள் கழிவை அகற்றியாக வேண்டும் என்று உயர்நீதிமன்றம் கண்டிப்பாக ஆணையிட்டது. 2025 புத்தாண்டு இரவில் 12 கொள்கலன் வண்டிகள் போபாலை விட்டுப் புறப்பட்டன. பீதம்பூரில் மக்கள் கொதித்தெழுந்தனர். இருவர் தீக்குளிக்கவும் முயன்றனர். பிறகு மூன்று கட்டச் சோதனை நடந்தது. புகையிலுள்ள நச்சுக்கள் வரம்புக்குள் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. ஜூன் இறுதியில் எரிப்பு முடிந்தது.

விலை மட்டும்தான் கேள்வியா?

இத்தகைய ஒப்பந்தத்தைப் பற்றி எழும் முதல் கேள்வி விலையைப் பற்றியதாகவே இருக்கும். கணக்குப் போடுவோம். 25 கோடி ரூபாயை 346 டன்னுக்கு வகுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 720 ரூபாய். 126 கோடியை 337 டன்னுக்கு வகுத்தால் ஏறக்குறைய 3,740 ரூபாய். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் பொதுவாக விலைவாசி இரு மடங்கு ஏறியது என்று வைத்துக்கொண்டாலும், கணக்கு ஒட்டவில்லை. முன்னதில் விமானச் செலவும் அடக்கம்.

ஆனால் நான் இதை முதன்மைக் குற்றச்சாட்டாக வைக்கப் போவதில்லை. இரண்டு வேலைகளும் ஒன்றல்ல. சோதனை எரிப்பு, கண்காணிப்பு, பாதுகாப்பு என்று பல செலவுகள் பின்னதில் இருக்கலாம். முன்னதோ கைகூடாமல் போன பேரம். விலையை விடவும் ஆழமான மூன்று கேள்விகள் இருக்கின்றன. எந்தத் தூய்மைப் பணி ஒப்பந்தத்துக்கும் இந்த மூன்றும் பொருந்தும்.

முதல் கேள்வி: எல்லை எது? போபாலில் கிடங்கில் அடைத்து வைத்தது மட்டுமே கழிவு அல்ல. நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும் ஐதராபாத்தின் தேசியப் புவியியற்பியல் ஆய்வு நிறுவனமும் ஆராய்ந்து 2010இல் அளித்த மதிப்பீட்டின்படி, நஞ்சேறிய மண் ஏறத்தாழ 11 லட்சம் டன். 337 டன் அதில் எத்தனை பங்கு? பத்தாயிரத்தில் மூன்று பங்கு. அகற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட டன் மண் அங்கேயே கிடக்கிறது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கிடங்கில் இருந்த கழிவில் நஞ்சின் செறிவு மிகுதி. மண்ணில் அது குறைவு. ஆகவே எடையின் விகிதமே ஆபத்தின் விகிதம் ஆகாது. ஆனால் கூரையின் கீழ், மூட்டைக்குள், தண்ணீர் படாமல் இருந்த கழிவா குடிநீரில் கலந்தது? இல்லை. மழை நீர் ஊறி இறங்கும் மண்ணிலிருந்துதான் நஞ்சு கிணற்றுக்குப் போகிறது. எது அசையாமல் இருந்ததோ அதை அள்ளுவதற்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. எது தினமும் நகர்ந்துகொண்டிருக்கிறதோ அது ஒப்பந்தத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

இரண்டாம் கேள்வி: அலகு எது? கழிவை எடை போட்டுப் பணம் தருவது எளிது. ஆனால் நாம் வாங்க விரும்பும் பொருள் எடை அல்ல, ஆபத்தின் குறைவு. மருத்துவர் கொடுத்த மாத்திரைகளின் எண்ணிக்கையை வைத்து நோய் குணமானதாகச் சொல்லலாமா? காய்ச்சல் இறங்கியதா என்று வெப்பமானி வைத்துத்தானே பார்க்கிறோம்! கிணற்று நீரில் இன்ன நஞ்சு இன்ன அளவு இருந்தது, பணி முடிந்தபின் இன்ன அளவுக்குக் குறைந்தது என்பதே இங்கே வெப்பமானி. அந்த அலகில் எழுதப்படாத ஒப்பந்தம், முழுமையாக நிறைவேறிய பின்னும் ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தராமல் போகலாம்.

எரியுலைக்கு இத்தகைய அளவு உண்டு என்பதை மறுக்கவில்லை. டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு, புகையில் ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஒரு கிராமை ஆயிரம் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கு! குளோரின் கலந்த பொருளை எரித்து, புகை மெதுவாகக் குளிரும்போது, ஏறக்குறைய 200 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் டையாக்சின் உருவாகிறது. அதனால்தான் 1,100 டிகிரிக்கு மேல் எரித்து, உடனே விரைவாகக் குளிர்விக்கிறார்கள். புகைபோக்கிக்கு இவ்வளவு நுட்பமாக அளவுகோல் வகுக்கத் தெரிந்த நமக்கு, மக்கள் குடிக்கும் கிணற்றுக்கு ஓர் அளவுகோல் வகுத்து ஒப்பந்தத்தில் சேர்க்கத் தெரியாதா?

மூன்றாம் கேள்வி: முடிவு எது? சாம்பல் ஆனதோடு கதை முடியவில்லை என்று கண்டோம். அந்தச் சாம்பலை எங்கே வைப்பது என்பது எரிப்பு முடிந்த பின் எழுந்த வழக்காயிற்று. 2025 அக்டோபரில், குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தொலைவில் அதைப் புதைக்கும் திட்டத்தை உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 800 டன்னுக்கு மேல் சாம்பல் வரும் என்பது எதிர்பாராத அதிசயமா? சுண்ணாம்பு எவ்வளவு சேர்க்கப்போகிறோம் என்று தெரிந்தால், பிளஸ் டூ வேதியியல் படித்தவர் முன்கூட்டியே கணக்கிட்டிருப்பார். முதல் மூட்டை உலைக்குள் போகும் முன்பே கடைசிப் பிடி சாம்பலின் முகவரி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

'எவ்வளவு சுத்தம் செய்தால் சுத்தம்' என்பதும் இந்தக் கேள்வியின் ஒரு பகுதியே. நமக்கு அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வழக்கை நினைவுகூருங்கள். அது நிறுவனமே செலவு செய்த பணி. அரசு ஒப்பந்தம் அல்ல. 2003இல் பாதரசம் ஒட்டிய சுமார் 290 டன் கண்ணாடித் துண்டுகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. மண்ணின் கதையோ அதற்குப் பின்னும் பல்லாண்டு நீடித்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று வகுத்த அளவை, அது போதாது என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தனர். அந்த ஓர் எண்ணை மாற்றினால் தோண்ட வேண்டிய மண்ணின் அளவும், செலவும், கீழே வாழும் மக்களின் பாதுகாப்பும் மாறிவிடும். ஓர் எண்ணுக்குள் எத்தனை பேருடைய வாழ்வு அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

எதிர்த்துக் கேட்கும் உரிமை யாருக்கு?

இனி சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. டெண்டர் முடிவால் பாதிக்கப்பட்டவர் பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது அது. ஆனால் அங்கே பாதிக்கப்பட்டவர் என்பது டெண்டர் போட்டவரைத்தான் குறிக்கும். போட்டியில் தோற்ற நிறுவனம் கேட்கலாம். குப்பை மேட்டின் கீழே குடியிருப்பவர் இந்தச் சட்டத்தின்படி கேட்க முடியாது.

அவருக்குப் பொதுநல வழக்கு என்ற வழி உண்டு. ஆனால் 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு கொள்கையை வகுத்தது. அரசு எடுத்த முடிவு சரியா என்று நீதிமன்றம் மறுபடி எடைபோடாது. முடிவெடுத்த முறை நேர்மையானதா என்றே பார்க்கும். வல்லுநர் செய்ய வேண்டிய வேலையை நீதிபதி செய்வது முறையல்ல என்பது அதன் கருத்து. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதன் விளைவைக் கவனியுங்கள். டெண்டர் ஆவணத்தில் அலகும் எல்லையும் தவறாக எழுதப்பட்டு, அந்தத் தவறான ஆவணத்தின்படி நூற்றுக்கு நூறு நேர்மையாக ஒப்பந்தம் கொடுக்கப்பட்டால், குறை சொல்ல இடமே இல்லாமல் போகலாம். ஊழல் இல்லாத ஒப்பந்தமும் உதவாத ஒப்பந்தமாக இருக்க முடியும்.

பணி ஒப்படைக்கப்பட்ட பின் எதிர்த்தால் இன்னொரு இடரும் உண்டு. வேலை நிற்கும், நஞ்சு அங்கேயே கிடக்கும். போபால் கழிவு கிடங்கில் ஏறக்குறைய இருபதாண்டு கிடந்ததற்கு, ஒவ்வோர் இடத்திலும் எழுந்த எதிர்ப்பும் ஒரு காரணம். அதை எதிர்த்த பீதம்பூர் மக்களையோ, அகற்றக் கேட்ட போபால் மக்களையோ குறைகூற முடியுமா? இரு சாராரிடமும் யாரும் முன்கூட்டிக் கருத்துக் கேட்கவில்லை என்பதே அவர்களின் மனக்குறை.

அமெரிக்காவில் 1980இல் இயற்றப்பட்ட 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. நஞ்சேறிய இடத்தை எப்படித் தூய்மைப்படுத்துவது என்ற திட்டத்தை முதலில் மக்கள் முன் வைத்து, அவர்கள் கருத்தைக் கேட்ட பின்பே முடிவு செய்ய வேண்டும். நஞ்சில் ஒரு பகுதி அங்கேயே விடப்பட்டால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு நடத்த வேண்டும். அப்பகுதி மக்கள் தங்களுக்கென்று ஓர் அறிவியல் ஆலோசகரை அமர்த்திக்கொள்ள அரசே 50,000 டாலர் வரை மானியம் தருகிறது. அந்த நாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் பணி பல்லாண்டுகளாக இழுபடுகிறது. ஆயினும் மக்கள் கேள்வி கேட்பதற்கான கதவு, ஒப்பந்தம் எழுதுமுன் திறக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

நம் ஊர் வரை

வாசகர்களே, போபால் தொலைவில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். மதுரை மாநகரின் குப்பை பல ஆண்டுகளாக அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல்லில் கொட்டப்பட்டு வந்திருக்கிறது. சென்னையில் பெருங்குடியும் கொடுங்கையூரும் நீங்கள் அறிந்தவையே. பழைய குப்பை மேட்டைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் 'பயோமைனிங்' ஒப்பந்தங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கொடுக்கப்பட்டு வருகின்றன. அவற்றிலும் இதே கேள்விகள் உண்டு.

ஓர் எளிய எடுத்துக்காட்டு. குப்பையை டன் கணக்கில் எடைபோட்டுப் பணம் தருவதாக வைத்துக்கொள்வோம். 1,000 கிலோ உலர்ந்த குப்பை, ஐப்பசி மழையில் 200 லிட்டர் நீரை உறிஞ்சினால் 1,200 கிலோ ஆகிறது. நூற்றுக்கு இருபது கூடுதல் பணம் மழைத் தண்ணீருக்குப் போகிறது! சரி, கனமீட்டர் கணக்கில் அளப்போம் என்றால், இறுக்கமாகக் கிடந்த குப்பை தோண்டியவுடன் உப்பிவிடும். தோண்டுமுன் அளந்ததா, தோண்டியபின் அளந்ததா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். பிரித்தெடுத்த பிளாஸ்டிக் எங்கே போயிற்று, சலித்த மண்ணில் ஈயம் எவ்வளவு, அந்த மண் எந்த வயலில் கொட்டப்பட்டது என்று கேட்டுக்கொண்டே போகலாம். இவற்றைக் கேட்க முனைவர் பட்டம் வேண்டியதில்லை. எடை, கனஅளவு, அடர்த்தி, செறிவு என்ற நான்கு சொற்களின் பொருள் தெரிந்தால் போதும்.

உங்கள் ஊரில் இத்தகைய டெண்டர் அறிவிப்பு வெளியானால் அதைப் படியுங்கள். எதை அகற்றப் போகிறார்கள், எதை விட்டுவைக்கிறார்கள், எந்த அலகில் அளக்கிறார்கள், பணி தொடங்குமுன் கிணற்று நீரைச் சோதித்தார்களா, மிஞ்சுவது எங்கே போகும், முடிந்தபின் யார் சோதிப்பார்கள் என்று கேளுங்கள். கிடைக்காத விவரத்தை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். பணி ஒப்படைக்கப்பட்ட பின் நீதிமன்றப் படியேறுவதை விட, டெண்டர் எழுதப்படும்போதே ஒரு கடிதம் எழுதுவது பயன் தரும்.

அன்று என் மாணவரிடம் கந்தகக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டியதும், அவர் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்படியென்றால் சார், இவ்வளவு சாம்பல் வரும் என்று பணத்தைக் கொடுக்குமுன் யாருமே கணக்குப் போட்டுப் பார்க்கவில்லையா?" பேருந்து வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. விடை சொல்ல வேண்டியவர்களிடம் அதைக் கேட்கும் பொறுப்பு அவருக்கும் எனக்கும் உங்களுக்கும் இருக்கிறது.